உலகநாதன் பேப்பர் படித்த வருஷம்

டல்லா, ரங்கூன்
9 பிப்ரவரி 1941

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு ராஜசேகரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நான் இங்கே சௌக்கியம். அம்மாவும் நீங்களும் எருமையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். நெல் வரவு ஆரம்பித்துவிட்டதால் ஆலை ஓயாமல் ஓடுகிறது. தவிடு மூக்கில் ஏறித் தும்மித் தும்மியே பொழுது போகிறது. ரங்கூன் பட்டணம் ஆற்றுக்கு அந்தக் கரையில் மின்சார விளக்கோடு பளபளக்கிறது. நான் இந்தக் கரையில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நம் ஏரியில் பிடித்த விரால் மீனை வேம்புலியின் வண்டியில் ஏற்றும்போது அச்சு முறிந்ததாகவும், மாடு அந்த மீனைக் கண்டு மிரண்டு திருவள்ளூர் வரைக்கும் ஓடியதாகவும் எழுதியிருந்தீர்கள். என்னோடு தங்கியிருக்கும் ஆவடி ஜெயபால் அதை வாங்கிப் படித்துவிட்டு, “உங்க மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா, அவர் வாயில அது தானா பொறக்குது” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மாமா, சிரித்துவிட்டு ஒரு காரியம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஸ்டேஷனில் மோர் விற்கப் போகும் அம்மாவிடம் ரயிலில் வருகிறவர்கள் சண்டையைப் பற்றிக் கண்டதையும் சொல்கிறார்களாம். ரங்கூனையே கொளுத்திவிட்டதாக யாரோ ஒருத்தி சொல்ல, அம்மா பானையைப் போட்டுவிட்டு அழுததாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே மதராஸிலிருந்து காலை ரயிலில் தினமும் உங்கள் பெயருக்கு ஒரு பேப்பர் வரும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். நீங்கள் தினமும் அரை மணி நேரம் அம்மாவுக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டும். மழை பெய்தாலும், தேர் ஓடினாலும், உங்களுக்குத் தலைவலி வந்தாலும் படிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் பழக்கம் பிடிக்காது. அச்சில் இருப்பதை மட்டும் படியுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம். அடுத்த பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்,
ராஜசேகரன்


திருநின்றவூர்
16 மார்ச் 1941

ரங்கூனின் எதிர்க்கரையைக் கட்டி ஆளுபவனும், தவிட்டு மழையில் குளிக்கும் தவசீலனும், என் தமக்கை பத்து மாதம் சுமந்து எனக்குப் படியளக்கப் பெற்றவனுமான சிரஞ்சீவி ராஜசேகரனுக்கு, ஏரிக்கரை உலகநாதன் வண்டி வண்டியாய் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்று, திரும்பி வருவதற்கு ஒரு முகூர்த்த நேரம் ஆயிற்று. தினமும் படிப்பதா! நானா! மூன்றாம் கிளாஸ் வாத்தியார் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்ட நாளில் எழுத்தும் நானும் மனஸ்தாபமில்லாமல் பிரிந்தவர்கள். நடுவில் வழியில் சந்தித்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அதை இழுத்து வந்து என் கழுத்தில் கட்டிவிட்டாயே!

முதல் நாள் பேப்பர் வந்தது. அடேயப்பா, ஈசல் மொய்த்த மாதிரி எழுத்து. விரித்தேன், முகத்தின்மேல் போர்த்துக்கொண்டேன், கும்பகர்ணன் வெட்கப்படும்படி தூங்கினேன். எழுந்து பார்த்தால் வேம்புலியின் ஆடு ஐரோப்பாவைப் பாதி தின்றுவிட்டு மீதியை அசைபோட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் மழை வரும்போல் இருந்தது, விட்டுவிட்டேன். மழை வரவில்லை, உன் அம்மா வந்தாள், கையில் மத்தோடு. “புள்ள அத்தினி தூரத்திலேர்ந்து சொல்லி அனுப்பிச்சிருக்கான், நீ இன்னா படுத்துகினு கீறே?” என்றாள். அந்த மத்தைப் பார்த்ததும் எனக்குப் படிப்பில் ஏற்பட்ட ஆர்வத்தை என்னவென்று எழுதுவேன்!

இப்போது ஸ்டேஷனுக்கு எதிரே தங்கவேல் சோடாக் கடை வாசலில் நம் வாசிப்பு நடக்கிறது. ரயில் வந்து போனதும் பேப்பர்க் கட்டைப் பிரிப்பேன். அக்கா மோர்ப்பானையைப் பக்கத்தில் வைத்துக் குந்திக்கொள்வாள். முதலில் அவளும் நானும் ஒரு காக்கையும்தான். பிறகு வேம்புலி வந்தான், சவாரி கிடைக்காத நேரத்துக்கு. பிறகு ஏரி மதகுக்காரர், கீரைக்காரிகள், சென்னீர்குப்பத்திலிருந்து வைக்கோல் கொண்டுவருகிற ஆட்கள். நேற்று எண்ணிப் பார்த்தேன், கூட்டம் பட்டாபிராம் வரை நீண்டிருந்தது.

நீ அச்சில் இருப்பதை மட்டும் படிக்கச் சொல்லியிருக்கிறாய். அப்படித்தான் ஆரம்பித்தேன், சத்தியம். “ஒரு விமானம் வீழ்த்தப்பட்டது” என்று படித்தேன். வேம்புலி கொட்டாவி விட்டான். “ஒண்ணு தானா நைனா? இதுக்கா குந்திகினு கீறோம்?” என்று எழுந்துவிட்டான். என் மானம் போகிறதே! ஒன்றை ஒன்பதாக்கினேன். அவன் உட்கார்ந்தான். ஒன்பதில் ஒன்று கீழே விழும்போது பனைமரத்தில் சிக்கிக்கொண்டது என்றேன். தங்கவேல் சோடா உடைப்பதை நிறுத்திவிட்டான். அந்நிய தேசத்தில் பனைமரம் உண்டா என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

பர்மாவைப் பற்றி ஒன்றும் போடவில்லை. அதை மட்டும் கூட்டாமல் சொல்லிவிட்டேன். உன் அம்மா அன்றைக்கு எனக்கு இரண்டு சொம்பு மோர் கொடுத்தாள்.

இப்படிக்கு,
உன் சொற்படி நடந்து இளைத்துத் துரும்பாகிவிட்ட மாமன்,
உலகநாதன்


டல்லா, ரங்கூன்
4 மே 1941

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு ராஜசேகரன் வணக்கம்.

நான் சௌக்கியம். ஜெயபாலுக்கு ஆவடியிலிருந்து அவன் அத்தை கடிதம் போட்டிருக்கிறாள். திருநின்றவூரில் ஒருவர் பேப்பரில் படித்தாராம், ஜெர்மனிக்காரன் ஒரு பீரங்கி செய்திருக்கிறானாம், அங்கே வெடித்தால் அம்பத்தூரில் ஓடு பெயருமாம். அத்தை அதைக் கேட்டுக் கூரை ஓடுகளை எல்லாம் இறக்கி அடுக்கிவிட்டாள். அந்த “ஒருவர்” யார் என்று ஜெயபால் என்னைக் கேட்கிறான். நான் என்ன சொல்வது?

மாமா, மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கதை சொல்லி ஊரைச் சிரிக்க வைப்பது வேறு, பேப்பர் படிப்பது வேறு. நாளைக்கு ஒரு நாள் அதில் நிஜமாகவே ஏதாவது இருந்தால் உங்களை யார் நம்புவார்கள்?

படிக்கும் பழக்கத்தைப் பற்றி உபதேசம் செய்கிற நான் பேப்பர் பார்த்து வெகுநாள் ஆகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேப்பர் வாங்க ஆற்றைத் தாண்ட வேண்டும். மூட்டைக் கணக்கு முடிந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. எனக்கும் சேர்த்து நீங்கள் படியுங்கள்.

அம்மா சாப்பிடுகிறாளா? எருமை கன்று போட்டதா?

உங்கள் அன்பு மருமகன்,
ராஜசேகரன்


திருநின்றவூர்
21 செப்டம்பர் 1941

அரிசி ஆலை அதிபதி, அத்தை வீட்டு ஓடுகளின் ரக்ஷகன், சிரஞ்சீவி ராஜசேகரனுக்கு உலகநாதன் ஆசீர்வாதம்.

ஓடு இறக்கிய அம்மாளுக்கு என் அனுதாபங்கள். அதில் நான் சொன்னது பாதிதான், மீதி பாதியை ஆவடிக்குப் போகிற வழியில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். உலகத்தில் நான் ஒருவன்தான் பொய்யன் என்பதுபோல் எழுதுகிறாயே!

இப்போது நான் எழுதப்போவதைப் படித்து நீ மயங்கி விழுந்தால் பக்கத்தில் ஜெயபாலை நிற்கச் சொல். உன் மாமனுக்குப் படிப்பு பிடித்துவிட்டது. பேய் பிடித்தால் வேப்பிலை அடித்து இறக்கலாம், இதற்கு என்ன அடிப்பது? காலையில் கண் விழித்ததும் கை பேப்பரைத் தேடுகிறது. போன வாரம் ரயில் தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, வண்டி வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆவடி வரைக்கும் நடந்துபோய், நின்றிருந்த வண்டியில் ஏறி, கார்டிடம் சண்டை போட்டு, என் கட்டை வாங்கி, நடுவழியில் வேலமர நிழலிலேயே நின்று பருத்தி விலை முதற்கொண்டு படித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாகப் போய்விட்டது. இது நான்தானா, அல்லது எவனாவது வாத்தியார் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு அலைகிறானா?

உன் அம்மா இருக்கிறாளே, அவள் ஹைகோர்ட்டில் இருக்க வேண்டியவள். நான் எங்கே கூட்டுகிறேன் என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறாள். நான் படித்து முடித்ததும், மோரைக் கலக்கிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள்போல, “டேய் உலகநாதா, அத்த இன்னொரு வாட்டி படி” என்கிறாள். அச்சில் இருப்பது இரண்டாம் தடவையும் அப்படியே வரும். நான் கூட்டியது வருமா? முதலில் நாற்பது பீரங்கி என்றேன், இரண்டாம் தடவை அறுபது என்றேன். “நடுவுல இருவது குட்டி போட்டுச்சா?” என்று கேட்டாள். வேம்புலி சிரித்த சிரிப்பில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

ஆகையால் அக்கா இருக்கும்வரை அச்சுப்படி. அடுத்த ரயில் வந்து அவள் பானையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனதும் நம் படிப்பு. கூட்டம் அதற்காகவே காத்திருக்கிறது. ஜனங்களை ஏமாற்ற எனக்கு மனம் வருமா?

இன்னொன்றையும் கேள். உன் அம்மா இப்போது அழுவதில்லை. எந்தப் பயணி வந்து என்ன புளுகினாலும், “எங்க பேப்பர்ல போடலியே” என்று சொல்லி மோரை ஊற்றிக் கொடுத்துவிடுகிறாள். அதற்காக உன்னை மன்னிக்கிறேன். எருமை கிடாரி போட்டது.

உன் மாமன்,
உலகநாதன்


திருநின்றவூர்
11 டிசம்பர் 1941
(விமானத் தபால்)

என் கண்ணே ராஜசேகரா!

புறப்படு! இந்தக் கடிதத்தைப் படிக்க உட்காராதே, நடந்துகொண்டே படி!

ஜப்பான்காரன் கிளம்பிவிட்டானடா! மலேயாவில் இறங்கிவிட்டான்! எறும்புப் புற்றை உதைத்த மாதிரி கரை முழுக்க ஆள்! போன வாரம்தான் சிங்கப்பூருக்கு வந்த இரண்டு பெரிய போர்க்கப்பல்களைப் பற்றிப் படித்தேன். நானும் வழக்கம்போல், நம் ஏரியைத் தூக்கி அதன் மேல்தட்டில் வைத்தால் ஒரு தாம்பாளம் மாதிரி இருக்கும், சமுத்திரமே வற்றினாலும் அந்தக் கப்பல் முழுகாது என்று ஜனங்களுக்குச் சொல்லிவைத்தேன். இன்று காலை கட்டைப் பிரித்தால் இரண்டும் முழுகிவிட்டன. இரண்டுமே! வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில்! வானத்தை மறைத்துக்கொண்டு விமானம் வந்ததாம், ஒரு பிடி வெயில்கூடக் கீழே விழவில்லையாம்!

அதைவிட எனக்கு இடி விழுந்தது எங்கே தெரியுமா? சோடாக் கடையில். நான் தொண்டை கிழியப் படிக்கிறேன், ஒருத்தனும் நம்பவில்லை! வேம்புலி தொடையைத் தட்டிச் சிரிக்கிறான். “இன்னா நைனா, போன வாரம் முழுகவே முழுகாதுன்னே, இன்னிக்கு ரெண்டும் பூட்ச்சின்றியே! ஒண்ணையாவது நாளைக்கி வெச்சிகினா இன்னா?” என்கிறான். தங்கவேல், “யோவ், காலங்காத்தால நல்லாத்தான்யா உடறே” என்கிறான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பேப்பரை அவர்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன். எழுத்துத் தெரியாதவனுக்கு அது தலைகீழாக இருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன? கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இது நெசம்தாம்பா” என்றார். அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

அக்கா மட்டும் முதலிலேயே நம்பிவிட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொல்லவில்லை. “ரங்கூன் அதுக்குப் பக்கமா?” என்று ஒரே கேள்வி.

வந்துவிடு! கப்பல் கிடைக்காவிட்டால் ஆமை முதுகில் ஏறி வா, ஆமை கிடைக்காவிட்டால் கடலைக் குடித்துவிட்டு நடந்து வா! பொங்கல் வரைக்கும் காத்திருந்தால் பொங்கல் வைக்கப் பானையும் இருக்காது, பூமியும் இருக்காது!

பதறிக்கொண்டிருக்கும் உன் மாமன்,
உலகநாதன்


டல்லா, ரங்கூன்
14 டிசம்பர் 1941
(விமானத் தபால்)

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு ராஜசேகரன் வணக்கம்.

நான் சௌக்கியம், கவலை வேண்டாம். உங்கள் விமானத் தபாலைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவசரமாகப் பிரித்தேன். பிரித்தால் ஆமையும் தாம்பாளமும்! ஜெயபால் அதைப் பிடுங்கி, ஆலைக் குமாஸ்தாக்கள் நடுவில் மூட்டைமேல் ஏறி நின்று படித்தான். “கடலைக் குடித்துவிட்டு நட” என்ற இடத்தில் எங்கள் தலைமைக் குமாஸ்தாவே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டார். இந்த மாதம் முழுக்க அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சண்டை ஆரம்பித்தது இங்கேயும் தெரியும். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆலைத் துரை எங்களை நிற்க வைத்து, எல்லாம் புரளி, ரங்கூனுக்கு ஒன்றும் வராது, வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். நான் பேப்பர் பார்க்கவில்லை. மலேயா எங்கே, நான் எங்கே? நெல் சீசன் தொடங்குகிற நேரத்தில் ஓடினால் திரும்பி வேலை கொடுக்க மாட்டார்கள்.

மாமா, விரால் மீனுக்குச் சிரித்தேன், பீரங்கிக்கும் சிரித்தேன். ஆனால் அம்மாவை இப்படிப் பயமுறுத்தலாமா? அவளைச் சமாதானப்படுத்தத்தானே உங்களைப் படிக்கச் சொன்னேன். இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே காலையில் முழுகின என்றால் யாராவது நம்புவார்களா? கொஞ்சமாவது நம்புகிற மாதிரி எழுதியிருக்கலாம்.

பொங்கலுக்கு வருகிறேன். அம்மாவை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்,
ராஜசேகரன்


திருநின்றவூர்
17 டிசம்பர் 1941
(விமானத் தபால்)

ராஜசேகரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்தேன்.

ஜப்பான் படை மலேயாவில் முன்னேறுகிறது. இரண்டு கப்பல்களும் முழுகியது உண்மை. பர்மாவின் தெற்கு முனையில் ஓர் ஊர் ஜப்பானியர் வசம் போய்விட்டது. அங்கே விமானங்கள் இறங்க இடம் இருக்கிறது.

அம்மா மோர் விற்கப் போகிறாள். பேப்பர் வந்ததும் வந்து உட்காருகிறாள். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள்.

வேலை போனால் போகட்டும். கிடைக்கிற முதல் கப்பலில் வா. ஜெயபாலையும் கூட்டி வா.

மாமா


டல்லா, ரங்கூன்
20 டிசம்பர் 1941
(விமானத் தபால்)

மாமா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. உறையைப் பார்த்ததுமே ஜெயபால் சிரிக்கத் தயாராகிவிட்டான். “படிடா, இந்தத் தடவை திமிங்கலமா?” என்றான். நான் படித்தேன். படித்து முடித்தும் அவன் காத்துக்கொண்டிருந்தான். “மீதி?” என்றான். “அவ்வளவுதான்” என்றேன். அவன் வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

மாமா, நான் பிறந்ததிலிருந்து நீங்கள் இப்படி எழுதியதுமில்லை, பேசியதுமில்லை. அப்பா இறந்த அன்றுகூட, “உங்கப்பன் எமனோட சீட்டாடிப் பார்க்கப் போயிருக்கான், எமன் வேட்டியை உருவிட்டுத்தான் உடுவான்” என்று சொல்லி, அழுதுகொண்டிருந்த என்னைச் சிரிக்க வைத்தவர் நீங்கள். அப்படிப்பட்டவர் “ராஜசேகரனுக்கு” என்று மொட்டையாக ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கேயாவது ஒரு ஆமை, ஒரு பனைமரம் இருக்காதா என்று தேடினேன். இல்லை. துரை சொன்னது, சம்பளம், சீசன், எல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

உடனே படகு பிடித்து ஆற்றைத் தாண்டிப் பேப்பர் வாங்கி, தெருவிலேயே நின்று படித்தேன். நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் அதில் இருந்தது.

கப்பல் ஆபீஸ் வாசலில் நம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்கள். திங்கட்கிழமை மதராஸுக்கு ஒரு கப்பல் போகிறது. மேல்தட்டில் இடம் கிடைத்தால் ஏறிவிடுவோம். ஜெயபால் வரிசையில் நிற்கிறான், இதை முடித்ததும் நான் போய் அவன் இடத்தில் நிற்க வேண்டும். திங்கட்கிழமைக் கப்பல் கிடைக்காவிட்டால் அடுத்தது எப்போது என்று ஆபீசில் யாரும் சொல்லவில்லை.

உங்களைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா காலிலும் உங்கள் காலிலும் விழுகிறேன்.

ராஜு


திருநின்றவூர்
26 டிசம்பர் 1941

ராஜு,

புதன்கிழமைக் காலை உன் கடிதமும் பேப்பரும் ஒரே வண்டியில் வந்தன. நான் பைத்தியக்காரன், கடிதத்தை முதலில் பிரித்தேன். சோடாப் பெட்டியின்மேல் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி படித்தேன். தங்கவேல் ஆளுக்கொரு சோடாவை உடைத்துக் கொடுத்தான். வேம்புலி மாட்டை அவிழ்த்து ஆடவிட்டான். உன் அம்மா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. “கப்பலை என் மருமகன் வாயால் ஊதியே ஓட்டி வருகிறான்” என்றேன். அவ்வளவு கூத்துக்கும் பிறகு பேப்பரைப் பிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை ரங்கூனில் குண்டு போட்டிருக்கிறார்கள். மேலே முதல் வரியே அதுதான்.

நான் மடித்துவிட்டேன். பருத்தி விலையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். அக்கா, “மடிக்காதேடா. படி” என்றாள். படித்தேன். பட்டப்பகலில் வந்திருக்கிறார்கள். துறைமுகத்திலும் தெருக்களிலும் விழுந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வெளியே வந்து நின்ற ஜனங்கள் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன், மூன்றாம் கிளாஸ் பையன்போல. இந்தத் தடவை ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். நம்பாமல் யாராவது ஒருத்தன் சிரிக்க மாட்டானா என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

முடித்ததும் அக்கா கேட்டாள், “டல்லா பேரு போட்டிருக்கானா?”

போடவில்லை. ஆற்றுக்கு அக்கரையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. திங்கட்கிழமைக் கப்பல் போயிற்றா, நின்றதா, அதுவும் இல்லை. வேம்புலி அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். “நைனா, அங்க ஒண்ணும் உழலைன்னு கீழ எங்கனா போட்டிருப்பான், நல்லா பாரு நைனா” என்றான். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்றாலும் அங்கே அப்படி இல்லை என்பது தெரியும். “பாரு நைனா” என்று மறுபடியும் சொன்னான். ஒரு வரி. வாயைத் திறந்தால் வந்துவிடும். டல்லாவுக்கு ஒரு சேதமுமில்லை, கப்பல் சுகமாகப் புறப்பட்டது. இத்தனை காலம் ஊருக்கெல்லாம் வாரி இறைத்தவன், கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி கொடுக்கக் கூடாதா?

“போடலைக்கா” என்றேன்.

அவள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போய்விட்டாள். மறுநாளும் ரயில் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இன்றும் வந்தாள். படித்தேன். நேற்று மறுபடியும் குண்டு போட்டிருக்கிறார்கள். கப்பலைப் பற்றி இன்னும் ஒன்றுமில்லை.

போஸ்ட்மாஸ்டர் இந்த உறையைப் பார்த்துவிட்டு, “ஆள்தான் பொறப்பட்டேன்னு எழுதிட்டானே, டல்லா அட்ரஸுக்கு எதுக்குய்யா?” என்று கேட்டார். நீ கப்பல் ஏறாமல் அங்கேயே இருந்தால் யாராவது உன்னோடு பேச வேண்டாமா? இருந்தால் கேள். துறைமுகத்துப் பக்கம் போகாதே. அபாயச் சங்கு ஊதினால் வெளியே வந்து வேடிக்கை பார்க்காதே. ஊரை விட்டு வடக்கே போகிற கூட்டத்தோடு சேர்ந்துகொள், தனியே போகாதே, ஜெயபாலை விடாதே. அம்மா இருக்கிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கப்பல் ஏறியிருந்தால் இந்த உறை டல்லா வரைக்கும் போய், கதவைத் தட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்று எழுதி இங்கேயே திரும்பி வந்துவிடும். உன் அம்மா ஒவ்வொரு சாமிக்கும் ஒவ்வொன்று நேர்ந்துகொண்டிருக்கிறாள். நான் வேண்டிக்கொள்வது இந்த உறை திரும்பி வர வேண்டும் என்பது ஒன்றுதான்.

பதில் போடாதே, ராஜு.

உலகநாதன்